பத்தரைப் பவுன்

ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், இந்த ரெண்டரை மணி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பதென்றால் சும்மாவா. மகள் ருக்கையாவை மடியில் ஏற்றி, புர்காவை இழுத்துவிட்டு, இடது கையால் வலது கை மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது. விரலில் கிடக்கிற மோதிரம் எங்கே போகும், இருந்தாலும் ஏறினதிலிருந்து இது நாலாவது தடவை. ரெண்டரை கிராம்தான், கல் கூட கிடையாது, பாத்திரம் விளக்கும்போது கழற்றிச் சன்னலில் வைத்தால் காக்கா கூடச் சீந்தாது. அறந்தாங்கி போய்ச் சேர முக்கால் மணி நேரம், இறங்கி கடைவீதிக்கு நடந்து, விற்று, காசை எண்ணி வாங்கிக்கொண்டு அஞ்சரை பஸ்ஸைப் பிடித்தால் மஃரிப் பாங்குக்கு வீட்டில் இருக்கலாம். மஃரிபோடு என்னுடைய வருஷம் முடிகிறது. ஊருக்கெல்லாம் ஒரு வருஷம், எனக்கு ஒரு வருஷம். ஷஃபான் பிறை ஒன்பதில் எனக்கு நிக்காஹ், அன்றைக்குத்தான் என் கழுத்திலும் கையிலும் பவுன் ஏறியது, அன்றையிலிருந்து பிறைக் கணக்கில் ஒரு வருஷம் நிறைந்தால் நகைக்கு ஜகாத், நாற்பதில் ஒரு பங்கு இல்லாதவர்களுக்கு. கல்யாணம் சித்திரை வெயிலில் நடந்தது, மாப்பிள்ளை மாலை அரை மணி நேரத்தில் வாடித் தொங்கியது. ஏழு வருஷத்தில் அதே பிறை ஒன்பது கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து, பங்குனிக்குள் புகுந்து, மாசியைத் தாண்டி, இப்போது தை மாசத்துப் பனிக்குள் வந்து நிற்கிறது. நினைத்தால் மேலெல்லாம் சிலிர்க்கிறது. நம் கல்யாண நாள் ஒரு இடத்தில் நிற்காமல் வெயிலையும் மழையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகிறது, நான் கிழவியாவதற்குள் ஒரு முழுச் சுற்று வந்து மறுபடி சித்திரை வெயிலில் நிற்கும், அப்போது என் பல் எத்தனை மிச்சம் இருக்குமோ.

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுப் போகிறார், காசு வாங்கவில்லை, பொம்பளைகளுக்கு இலவசம். பன்னிரண்டு பவுன் வைத்திருக்கிறவளுக்கும் இலவசம், பக்கத்தில் கருவாட்டுக் கூடையைக் காலிடுக்கில் வைத்திருக்கிற இந்த அம்மாவுக்கும் இலவசம், கவர்மெண்ட் யாரிடம் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. சீ, பன்னிரண்டு இல்லை. பத்தரை. காலையிலிருந்து பத்தரை. சொல்லிப் பழக வேண்டும், ஜெய்த்தூன், உனக்குப் பத்தரைப் பவுன். பதினோரு பவுனுக்குக் கீழே இருந்தால் ஜகாத் கிடையாது என்று ஊரில் பச்சைப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். விடிகாலையில் கண் விழித்தபோது நான் கொடுக்க வேண்டியவள், பசியாறிப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது கொடுக்க வேண்டாதவள். மோதிரம் அதே மோதிரம், கடையும் அதே கடை, பஸ் கூட நேற்றே நினைத்து வைத்திருந்த பஸ்தான். காசு போகிற வழி மட்டும் மாறிவிட்டது. நேற்று வரை அது ஜகாத்துக்கு, இன்றைக்கு மில் மோட்டாருக்கு.

மோட்டார் எரிந்தது பொங்கலுக்கு நாலு நாள் முன்னால். சுற்று வட்டாரமே பச்சரிசி மாவுக்கு எங்கள் மில்லில்தான் வந்து வரிசை கட்டும், சரியாக அன்றைக்குப் பார்த்து உள்ளே புகைந்து, காயில் கம்பியெல்லாம் கருகி, ஒரே நாற்றம். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த மாதிரி மய்யித்து கிடக்கிற சாவு வீட்டில் கூட யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எதிர்க்கடைக்காரர் சொன்னார், “கமருதீனு, வீட்ல நகை இருக்குல்ல, பேங்க்ல வச்சா ஒரு மணி நேரத்துல காசு.” மச்சான் சொன்னாக, “வட்டிக்கு வைக்க மாட்டேண்ணே. இன்னொண்ணு, அது என் நகை இல்ல, அவ நகை.” எதிர்க்கடைக்காரர் சிரித்தார், “பொண்டாட்டி நகை உன் நகை இல்லையா? இதென்னய்யா புதுக் கதை!” புதுக்கதை இல்லை, பழைய கதைதான், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கே காதில் விழுந்த மாதிரி இருந்தது. அவ நகை. இத்தனை வருஷமும் ஜகாத் நாள் வந்தால் மச்சானே என் நகைக்கும் சேர்த்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவாக, எனக்கு அது கரண்ட் பில் மாதிரி, யாரோ கட்டுகிறார்கள், விளக்கு எரிகிறது. இந்த வருஷம் அவகளிடம் இல்லை. வெள்ளிக்கிழமை பொம்பளைகள் பயான் கேட்கப் போனபோது மார்க்கம் சொல்லித் தருகிற ஆலிமா ஷஃபீக்காவிடம் கேட்டேன், வீட்டுக்காரருக்கு வருமானம் இல்லை, இப்போது யார் கொடுப்பது. ஆலிமா என்னை விட ரெண்டு வயசு சின்னவள், கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தே பேசுவாள். “நகை யாருதுக்கா?” “எனக்குப் போட்டது.” “அப்ப கேள்வி உங்ககிட்டதான். அவரு இத்தன வருஷம் குடுத்தது உங்களுக்காகச் செஞ்ச உதவி.” “அப்ப அவரு இப்ப ஏழை, நான் பணக்காரியா?” “ஆமா.” “ஒரே பாய்லதானம்மா படுக்குறோம்!” எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “அப்ப அவருக்கே குடுத்துரட்டுமா, அவரு ஏழைதானே?” என்றேன். “அது முடியாதுக்கா, இந்தக் கைல குடுத்து அந்தக் கைல வாங்குற மாதிரி, சாயங்காலம் கறியா உங்க சட்டிக்கே வந்துரும்” என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. கேள்வி உங்ககிட்டதான். ரேஷன் கார்டில் நான் மச்சானுக்குக் கீழே, ஓட்டர் லிஸ்டில் இன்னாரின் மனைவி, பள்ளிக்கூடத்தில் ருக்கையாவின் அம்மா. எட்டாப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சாரிடம் கையைத் தூக்கிக் கேள்வி கேட்கக் கூட நான் எழுந்து நின்றதில்லை. வானத்தையும் பூமியையும் படைத்தவன் என் பேரை மட்டும் தனியே எடுத்து, கமருதீன் சம்சாரமே என்று கூப்பிடாமல், ஜெய்த்தூன், உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்பானாம்.

அன்றைக்கு ஆலிமா இன்னொன்றும் சொன்னாள், அதிலேயே மனசு போய்ப் போய் மாட்டுகிறது, முள்ளில் தாவணி மாட்டுகிற மாதிரி. இதோ ரெண்டு பக்கமும் அறுத்த வயல், தாள் மட்டும் வெட்டின தலைமுடி மாதிரி நிற்கிறது, வைக்கோலைச் சுருட்டுகிற மிஷின் ஒன்று தூரத்தில் உறுமிக்கொண்டு போகிறது. விளைச்சலுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், வானம் பார்த்த பூமியில் மழையிலேயே விளைந்தால் பத்தில் ஒன்று, நாமே இறைத்து விளைய வைத்தால் இருபதில் ஒன்று. அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். எனக்கு அங்கேயே நின்றுவிட்டது. அப்படியானால் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏற்றம் இறைத்த தோளை, மோட்டார் ரூமுக்கு ஓடின காலை, டீசல் கேனைத் தூக்கின கையை. நீ பாடுபட்டாயா, சரி, பாதி குறைத்துக்கொள். மழை நான் கொடுத்தேனா, அப்போது கொஞ்சம் கூடப் போடு. எங்கள் அத்தா மானாவாரிதான் வெள்ளாமை செய்தார், சாகிற வரைக்கும் அவர் பட்ட பாட்டை அம்மாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

“எந்தூரு புள்ள, சந்தைக்கா?” கருவாட்டு அம்மாதான் கேட்கிறாள், வாயில் வெற்றிலை. கண்டக்டர் முன்னாலிருந்து கத்துகிறார், “யம்மா வள்ளிக்கண்ணு, கூடைய மூடு, பஸ்ஸே மணக்குது!” “மணக்குதுல்ல, அப்ப மூக்க மூடிக்க. ராத்திரி உங்க வீட்டுக் கொழம்புல மணந்தா மட்டும் மூணு சோறு திம்ப!” பஸ்ஸே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், “கடைவீதிக்குப் போறேங்க்கா.” மோதிரம் விற்க என்று சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டால் மோட்டாருக்கு என்று சொல்ல வேண்டும், அதில் தப்பு என்ன, ஒன்றுமில்லை, மச்சான் முகம் தெளியும், மில் ஓடும், ருக்கையா பள்ளிக்கூடத்து ஃபீஸ் பாக்கி தீரும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஜுனைதா மதினி, அதுதான் மச்சானின் அக்கா, காலையில் போனில் வந்து கிழித்தது கூட எங்கள் நல்லதுக்குத்தான். “ஏ ஜெய்த்தூனு, நீ என்ன கூறு கெட்டவளா? எந் தம்பி மோட்டாரு எரிஞ்சு கெடக்கான், நீ மோதிரத்த வித்து ஜகாத் குடுக்கப் போறியாம்ல?” “கடமை மதினி.” “கடமைதாண்டி, யாரு இல்லைன்னா? ஒரு வளையல எடுத்துப் புள்ளைக்குக் குடுத்தேன்னு வாயால சொல்லு. ஒண்ணரைப் பவுன் கழிஞ்சா பத்தரை. முடிஞ்சுச்சா? வருசம் தாண்டுனதும் எடுத்துப் போட்டுக்க. ரெண்டு வருசமா நான் அப்டித்தான், என் தலையில என்ன இடியா விழுந்துருச்சு?” மதினிக்கு இடி விழவில்லைதான், புதிதாக ஃபிரிட்ஜ் கூட வாங்கியிருக்கிறது. போனை வைத்துவிட்டு, ருக்கையா தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்க, வளையலைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். “இந்தா, இது உனக்கு.” “எனக்கா? எனக்கே எனக்கா?” “உனக்கே உனக்கு.” அவள் அதைப் போட்டுப் பார்த்தாள், முழங்கை வரைக்கும் ஏறி வழுக்கியது. கழற்றி என்னிடமே நீட்டினாள். “எனக்குப் பெருசா இருக்கும்மா. நான் பெருசாவுற வரைக்கும் நீ போட்டுக்க. ஆனா தொலைச்சிராத.” நான் போட்டுக்கொண்டேன். அதே கை, அதே வளையல். தோசை கூட ஆறவில்லை.

இப்போது அந்த வளையலை ருக்கையா என் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருக்கிறாள். வள்ளிக்கண்ணு அக்கா எட்டிப் பார்த்து, “அம்மா வளையலு நல்லாருக்கே” என்கிறாள். “அம்மாவுது இல்ல. இது என்னோடது” என்கிறாள் ருக்கையா. “அப்ப ஒங்கம்மா எதுக்குப் போட்டுருக்கு?” “நாந்தான் போட்டுக்கன்னு குடுத்துருக்கேன்.” “அடி ஆத்தி! கொடை வள்ளலு! எனக்கும் ஒண்ணு குடேன்.” ருக்கையா அவளை மேலும் கீழும் பார்க்கிறாள், அவள் கையைப் பார்க்கிறாள், உப்புத் தின்று வெளுத்த கை, ஒரு ரப்பர் வளையல் கூட இல்லாத கை. பிறகு என் வளையலைப் பிடித்து இழுக்கிறாள், “கழட்டும்மா.” “எதுக்குடி?” “அவங்க கேக்குறாங்கல்ல.” வள்ளிக்கண்ணு அக்கா வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரிக்கிறாள், “வேணாந்தாயி, வேணாம், நான் போலீசு ஸ்டேசன்ல போயி உக்காரணும்!” நானும் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். ருக்கையா இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள். விளையாட்டுக்கு இல்லை. அவங்க கேக்குறாங்கல்ல. கேட்டால் கொடுப்பது, இடையில் வேறு ஒன்றும் இல்லை அவளுக்கு. நான் காலையில் கொடுத்தேனே, அதுவும் கொடுப்பதுதானா? கொடுத்ததைத் திருப்பி எடுப்பது கக்கினதைத் தின்பது மாதிரி என்று சின்ன வயசில் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். மதினி வருஷம் தாண்டியதும் எடுத்துப் போட்டுக்க என்கிறது, இவள் தொலைச்சிராத என்கிறாள். யார் கையில் கிடக்கிறது இது? பன்னிரண்டு கிராம் தங்கம், ஆசாரி பட்டறைக்குப் போகவில்லை, தராசில் ஏறவில்லை, பத்திரம் எழுதவில்லை, அடுப்படியில் ரெண்டு வார்த்தை, உனக்கே உனக்கு, போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது. நான் இப்போது என் மகளின் நகையை இரவல் போட்டிருக்கிறேன். வார்த்தைக்கு இத்தனை கனமா? இதே மாதிரி ஒற்றை வார்த்தையில்தானே, கபூல் என்று மச்சான் சொன்ன ஒரே வார்த்தையில்தானே, யாரோ ஒரு ஆம்பளை எனக்கு மச்சானாகியது. கையை அசைக்கவே பயமாக இருக்கிறது, அடுத்தவர் பொருளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பயம்.

அதை விடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, காலையிலிருந்தே, நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிறேன். நேற்று சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு சைனம்பு அக்கா வந்தது. ரெண்டு வீடு தள்ளி, புருஷன் மவுத்தாகி நாலு வருஷம், மகள் நர்ஸ் படிப்பு. மச்சான் கவர் போவது அந்த வீட்டுக்குத்தான், யாருக்கும் தெரியாது, அக்காவும் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் ஜெய்த்தூனு” என்றது. மில்லைப் பார்த்தது, பூட்டைப் பார்த்தது. “மோட்டாரு இன்னும் சரியாகலையா? அல்லா லேசாக்குவான்” என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டது. அந்த முதுகு. அந்த முதுகைத்தான் நான் பார்க்காமல் இருக்கிறேன். அது எதுவும் கேட்காது. படைத்தவனும் இனி கேட்க மாட்டான், பத்தரைப் பவுன்காரியிடம் என்ன கேள்வி? நான் கெட்டிக்காரத்தனமாக வாசலைச் சாத்திவிட்டேன், சாத்திவிட்டு உள்ளே நிம்மதியாக உட்காரலாம் என்று பார்த்தால், ஒரே நிசப்தம். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு நடந்து வரும்போது தலைக்கு மேலே இருந்த வானம் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது, இன்றைக்குச் சும்மா வானம், நீலம், ரெண்டு கொக்கு. பரீட்சை ஹாலிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி, அப்பாடா என்று இருக்க வேண்டியது அழுகையாக வருகிறது. மில்லுக்குக் காசு, ஃபீஸுக்குக் காசு, எல்லாம் சரி, என் பேர் எங்கே? பேசாமல் மோதிரத்தைச் சைனம்பு அக்காவுக்கே சும்மா கொடுத்துவிட்டால்? கொடுக்கலாம், தர்மம் என்று கொடுக்கலாம், யார் வேண்டாம் என்றது. ஆனால் அது நானாகப் போய் நீட்டுவது. அவன் கேட்டு நான் கொடுப்பது ஆகாதே. கேட்டதற்குக் கொடுக்க இனி எனக்கு வழி இல்லையே, என் வாயாலேயே அடைத்துவிட்டேனே.

“பஸ் ஸ்டாண்டு எறங்கு எறங்கு” என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறார். வள்ளிக்கண்ணு அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றி, “வாரேன் வள்ளலு” என்று ருக்கையா கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்குகிறாள். நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக, முதல் படி, ரெண்டாம் படி, ஜல். மூணாம் படி, ஜல். தரையில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன், பின்னாலிருந்து ஒரு அம்மா முதுகில் இடித்து, “நகரும்மா, நடுவுல நின்னுக்கிட்டு” என்கிறது. கொலுசு. வெள்ளிக் கொலுசு. காலில் கிடப்பதை யார் நகை என்று நினைக்கிறார்கள், அது கால் மாதிரியே ஆகிவிட்டது, காலையில் பன்னிரண்டு என்று எண்ணும்போது கழுத்து, காது, கை, விரல் என்று மேலேயே எண்ணினேன். வெள்ளி. ஆலிமா சொன்னாளே, தங்கம் மட்டும் தனியாக இருந்தால்தான் அந்தப் பதினோரு பவுன் கணக்கு, கூட வெள்ளியோ ரொக்கமோ கொஞ்சம் இருந்துவிட்டால், என்னமோ சொன்னாளே, நான் மானாவாரியிலேயே நின்றுகொண்டு காதில் வாங்காமல் விட்டேனே. போனை எடுத்து அவளையே கூப்பிடுகிறேன். “ஆலிமா, நான் ஜெய்த்தூன். பத்தரைப் பவுன் இருக்கு. கால்ல வெள்ளிக் கொலுசும் இருக்கு. ஜகாத் உண்டா, இல்லையா?” “உண்டுக்கா. தங்கத்தையும் வெள்ளியையும் சேத்து விலை போட்டுப் பாக்கணும். வெள்ளிக்கு உள்ள அளவு ரொம்பக் கம்மி, அதத் தாண்டிட்டா கடமைதான். உங்களுக்குத் தாராளமாத் தாண்டிரும்.” “நெசமாவா?” “நெசமாத்தான். ஏன்க்கா, அழுவுறீங்களா? எல்லாரும் இல்லைன்னு சொன்னாத்தான் சந்தோசப்படுவாங்க.” “அழுவலம்மா. இன்னொண்ணு, காலைல ஒரு வளையல எம்மவளுக்குக் குடுத்துட்டேன்.” “குடுத்துட்டீங்களா? அப்ப அது அவளுதுக்கா, திருப்பி எடுக்க முடியாது.” “எடுக்க மாட்டேன்” என்றேன், “அவ விட மாட்டா.”

பஸ் ஸ்டாண்டு நடுவில், பூக்காரிக்கும் வேர்க்கடலை வண்டிக்கும் இடையில் நின்று நான் சிரிக்கிறேன். கையைக் குறைத்தேன், மேலே எங்கெங்கே குறைத்தால் தப்பலாம் என்று கணக்குப் போட்டேன், கால் கீழே பேசாமல் இருந்துகொண்டு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. விடவில்லை. என்னை விடவில்லை. ஜனம் பிதுங்குகிறது, மதுரை பஸ் ஹாரன் அடிக்கிறது, இத்தனை தலைக்கு நடுவில் இவள் இங்கே நிற்கிறாள் என்று ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கிறது. தொழுகையில் கை கட்டி நிற்கும்போது கூட இப்படி அவன் முன்னால் நின்ற மாதிரி இருந்ததில்லை. கடைவீதிக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. கடையில் ஏசிக் காற்று, கண்ணாடிப் பெட்டி, நெற்றியில் சந்தனம் வைத்த பெரியவர் மோதிரத்தை வாங்கி உரசிப் பார்த்து, சின்னத் தராசுத் தட்டில் போட்டார். “அவசரமாம்மா? ரேட்டு ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு நாள் பொறுத்து வந்தீங்கன்னா கூடக் கெடைக்கும், நீங்க நம்ம பக்கத்து ஆளா இருக்கீங்களேன்னு சொல்றேன்.” மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போனது. மோட்டார் இன்னும் கருகித்தான் கிடக்கிறது, காசு சைனம்பு அக்கா வீட்டுக்கு என்று ராத்திரி அவகளிடம் சொல்ல வேண்டும், என்ன சொல்வாகளோ. வாசலுக்கு வெளியே வெயில் மஞ்சளாக ஆகிக்கொண்டிருந்தது. “இல்லண்ணே, இன்னைக்கே” என்றேன். அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் சரிசெய்து, பேனாவைத் திறந்துகொண்டு நிமிராமலே கேட்டார், “யாரு பேருல போட? வீட்டுக்காரரு பேரச் சொல்லுங்க.” நான் என் பேரைச் சொன்னேன்.